வெயில் கேட்கும் கறிவேப்பிலை, நிழல் தேடும் பாண்டான்

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீட்டில் இன்று நடந்ததை நாளைக் காலை ஒலிவாங்கி முன் கொட்டிவிடுவோம். மகன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதது, கணவர் உப்பு என்று நினைத்து ரசத்தில் சீனி போட்டது எல்லாமே என் நேயர்களுக்கு அத்துப்படி. ஆனால், சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை நான் பேசியது சிரிப்பதற்காக அல்ல.

"எங்க வீட்டுக் கறிவேப்பிலைக் கன்னு செத்துக்கிட்டு இருக்கு. யாருக்காவது வைத்தியம் தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க."

சந்தையில் ஒரு வெள்ளி கொடுத்தால் ஒரு கட்டு கறிவேப்பிலை கிடைக்கும், இதற்கா இவ்வளவு பதற்றம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டுக் கன்று கடைக் கன்று அல்ல. ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பா நட்ட மரத்தின் பக்கக் கன்று அது. அப்பா தவறிய பிறகு அந்த வீட்டை விற்றோம். அம்மாவை பூச்சோங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். புறப்படும் அன்று காலை, மரத்தடியில் முளைத்திருந்த ஒரு கன்றை வேரோடு தோண்டி, பழைய மைலோ டின்னில் வைத்து, மூன்று மணி நேரப் பயணம் முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் அம்மா. வீட்டை வாங்கியவர்கள் கொல்லைக்குச் சிமெண்டு போட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். ஆக, அப்பாவின் மரத்தில் மிச்சம் இருந்தது அந்த டின்னில் இருந்தது மட்டும்தான்.

அதைத்தான் நான்கே மாதத்தில் சாகும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன்.

பாசம் வைத்த இடம்

எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. முன்னால் மேற்கு பார்த்த பால்கனி. மதியம் ஒரு மணிக்கு வரும் வெயில் ஏழு மணிக்குச் சூரியன் மறையும்வரை விடாது. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் சின்ன யார்ட். அங்கே வெளிச்சம் இருக்கும், நேர் வெயில் விழாது.

கறிவேப்பிலை சமையலுக்கானது, எனவே சமையலறைப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று யார்ட்டில் வைத்தேன். ஒன்பதாவது மாடி வெயிலில் பிஞ்சுக் கன்று வாடிவிடும் என்ற பயம் வேறு. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு குவளை தண்ணீர், மாலையில் வந்ததும் ஒரு குவளை. ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

அதே சமயத்தில் எதிர்வீட்டு மக்சிக் ஒரு பாண்டான் கன்று கொடுத்தார். அம்மா வந்திருப்பதை அறிந்து, வரவேற்புப் பரிசாக. பச்சைப் பசேலென்று நீண்ட இலைகள், பார்க்கவே அழகு. வீட்டுக்கு வருபவர்கள் பார்க்கட்டும் என்று அதை முன் பால்கனியில் வைத்தேன்.

மே மாதம் முடிவதற்குள் கறிவேப்பிலையின் இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே உதிர ஆரம்பித்தன. தண்டு மட்டும் நூல் மாதிரி நீண்டு, வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்துகொண்டது. பால்கனியில் பாண்டானின் பச்சை வெளுத்து, இலை நுனிகள் காய்ந்து பழுப்பாகிவிட்டன. கறிவேப்பிலை மஞ்சளாவதைப் பார்த்து இன்னும் ஒரு குவளை தண்ணீர் சேர்த்து ஊற்றினேன்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. அந்த நாள்களில் அவர் எதைப் பற்றியும் அதிகம் பேசியதில்லை. "இத்தனை வருஷம் உழைச்சது போதும்மா, இனி ஓய்வா இருங்க" என்று உள்ளறையை அவருக்கு ஒதுக்கி, தொலைக்காட்சி வைத்துக் கொடுத்திருந்தோம். சாப்பாடு டிஃபனில் வந்துவிடும். அவர் கரண்டி பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. சாயங்காலம் நான் வரும்போது தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும், அம்மா சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

ஒரே ஒருவர் கேட்ட கேள்வி

அன்று காலை வந்த அழைப்புகளுக்கு அளவே இல்லை. புளித்த மோர் ஊற்றச் சொன்னார் ஒருவர். மீன் கழுவிய தண்ணீர் என்றார் இன்னொருவர். அரிசி களைந்த தண்ணீர், முட்டை ஓடு, டீத்தூள், வெள்ளிக்கிழமை மஞ்சள் தெளிப்பது என்று பட்டியல் நீண்டது. எல்லாருமே எதை ஊற்றுவது, எதைப் போடுவது என்றுதான் சொன்னார்கள்.

கடைசியாகச் சிரம்பானிலிருந்து ஒரு பெரியவர். செம்பனைத் தோட்டத்து நாற்றங்காலில் பல ஆண்டு வேலை செய்தவராம். அவர் எதுவும் சொல்லவில்லை, கேட்டார்.

"சட்டிய எங்கம்மா வெச்சிருக்க? வெயில் எத்தன மணிக்கு வரும், எத்தன மணிக்குப் போவும்?"

நான் விழித்தேன். "வெயிலே வராதுங்க ஐயா."

"அப்புறம் தண்ணி?"

"ரெண்டு வேளையும்."

நேரலையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "செடிக்கு நோவு ஒண்ணும் இல்லம்மா. நீ இடத்த மாத்திப் பாரு."

சொந்தக்காரர்களைப் பார்த்தால் குணம் தெரியும்

அன்று மாலை இரண்டு செடிகளைப் பற்றியும் உட்கார்ந்து படித்தேன். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

கறிவேப்பிலை எலுமிச்சை, நாரத்தை குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியத் துணைக்கண்டம் அதன் பூர்வீகம். அதன் அறிவியல் பெயரில் உள்ள 'கோனிகி' என்ற சொல், 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்து செடிகொடிகளை ஆராய்ந்த யோகான் கோனிக் என்ற மருத்துவரின் நினைவாக வைக்கப்பட்டது. தரையில் விட்டால் வீட்டுக் கூரையைத் தொடும் அளவுக்கு வளரும் மரம் இது. எலுமிச்சையை நிழலில் வைத்து யாராவது காய் பறித்ததுண்டா? கறிவேப்பிலையும் அதே ரகம்தான். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். ஊற்றிய தண்ணீர் உடனே வடிய வேண்டும். வேர் ஈரத்திலேயே ஊறினால் அழுகிவிடும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை மஞ்சளாகும். நாமோ தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவோம். நான் செய்தது இதைத்தான்.

பாண்டான் நம் ஊர்த் தாழையின் சொந்தம். தென்கிழக்காசியா முழுக்க வீட்டுக் கொல்லைகளில், வாய்க்கால் ஓரங்களில், மர நிழலில் வளர்வது. இந்தச் செடி பூப்பது மிக அரிது. விதை போட்டு வளர்க்கும் பேச்சே இல்லை. தாய்ச்செடியின் அடியில் வரும் பக்கக் கன்றைப் பிரித்துத்தான் நட வேண்டும். இன்று நம் வீடுகளில் இருக்கும் ஒவ்வொரு பாண்டானும் யாரோ ஒருவர் கிள்ளிக் கொடுத்த கன்றின் வழி வந்ததுதான். மக்சிக் எனக்குக் கொடுத்ததும் அப்படித்தான். பாண்டானுக்குக் காலை வெயில் கொஞ்சம் பட்டால் போதும். மதிய வெயில் இலையின் பச்சையை வெளுத்துவிடும். மண் எப்போதும் ஈரமாக இருப்பது அதற்குப் பிடிக்கும்.

சமையலறையில் வைத்தது வெயிலுக்கு ஏங்கியிருக்கிறது. பால்கனியில் வைத்தது நிழலுக்கு ஏங்கியிருக்கிறது. இரண்டையும் சரியாகத் தலைகீழாக வைத்திருக்கிறேன்.

நம் நாட்டில் பால்கனி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பகல் ஆண்டு முழுக்கக் கிட்டத்தட்ட 12 மணி நேரம்தான். ஆனால், வெயில் சாயும் பக்கம் மாறும். ஏப்ரல் முதல் செப்டம்பர் முற்பகுதிவரை கோலாலம்பூரில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். வடக்கு அல்லது தெற்கு பார்த்த பால்கனியில் ஆறு மாதம் செழித்த செடி திடீரென வாடினால், மருந்து தேடுமுன் வெயில் எங்கே போனது என்று பாருங்கள். கிழக்கு, மேற்கு பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

இடமாற்றம்

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு சுங்கை பூலோவுக்குப் போனேன். செடி வளர்ப்பவர்களுக்கு அந்தச் சாலையைச் சொல்லத் தேவையில்லை. 1930-ல் தொழுநோயாளிகளுக்காக அமைக்கப்பட்ட குடியிருப்பு அது. நோய் குணமான பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர்கள் செடி வளர்த்துப் பிழைத்தார்கள். இன்று வரிசையாக நாற்றுப் பண்ணைகள். வீட்டுக்குள்ளேயே இருந்த அம்மா அங்கே இறங்கியதும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். கறுப்பு மண், மணல், கருக்கிய உமி எல்லாம் அவர்தான் பேரம் பேசி வாங்கினார்.

வீட்டுக்கு வந்து டின்னைக் கவிழ்த்தோம். குப்பென்று அழுகல் வாடை. வேர்களில் பாதி பழுப்பாகிக் கொழகொழத்துப் போயிருந்தன. அம்மா கத்திரிக்கோலால் அழுகியதை வெட்டி எறிந்தார். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு கருக்கிய உமி கலந்து, அடியில் நிறைய ஓட்டை உள்ள தொட்டியில் நட்டார். பெரிய தொட்டியாக எடுத்தேன். "வேண்டாம்" என்றார். சின்ன வேருக்குப் பெரிய தொட்டி வைத்தால் மண்ணின் ஈரம் காயாமல் மறுபடியும் அழுகும். செடி வளர வளரத் தொட்டியை மாற்ற வேண்டும். பிறகு, நீண்டு கிடந்த தண்டைப் பாதிக்கு வெட்டினார். எனக்கு நெஞ்சு பதைத்தது.

"வெட்டாம எப்படிம்மா தழையும்?" என்றார்.

யார்ட்டிலிருந்து நேராக மேற்கு வெயிலுக்குக் கொண்டுபோனால் செடி தாங்காது. முதல் சில நாள்கள் பால்கனியில் சுவரோரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே என்று பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவந்தோம். மேல்மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

பாண்டான் யார்ட்டுக்குப் போனது. அதற்கு ஈரம் பிடிக்கும் என்பதால் தொட்டிக்கடியில் தட்டு வைத்து நீர் நிரப்புபவர்கள் உண்டு. டெங்கி உள்ள ஊரில் அது வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் வாரத்துக்கு இரண்டு முறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். மண்மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி, தினமும் மேலிருந்து தண்ணீர் விட்டாலே பாண்டானுக்குப் போதும்.

இடம் மாற்றியதை அம்மா வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துப் பால்கனியில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"நாளையிலேர்ந்து டிஃபன நிறுத்திடு. நான் சமைக்கிறேன்."

"அம்மா, நீங்க ஓய்வா..."

"நெழல்ல வெச்சா நல்லா இருக்கும்னு இதையும்தான் நெனச்சே" என்றார்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. மறுநாளே டிஃபன் நின்றது.

ஒன்றுக்கு எண்ணெய், மற்றொன்றுக்குத் தண்ணீர்

அம்மா சமையலறைக்குள் வந்த பிறகுதான் இந்த இரண்டு இலைகளுக்கும் உள்ள இன்னொரு வித்தியாசம் எனக்குப் புரிந்தது. கொல்லையில் எப்படியோ, அடுப்பிலும் அப்படியே.

கறிவேப்பிலையின் மணம் எண்ணெயில்தான் இறங்கும். சூடான எண்ணெயில் கடுகு வெடித்ததும் போட்டுச் சில வினாடி படபடத்தால் போதும், வீடே மணக்கும். வெறும் தண்ணீரில் வேகவைத்தால் அந்த மணம் வராது. காய்ந்த இலையில் மணம் பெரிதும் போய்விடும். அதிகம் இருந்தால் கழுவி, ஈரம் துடைத்து, உறைபெட்டியில் வைப்பதே நல்லது.

பாண்டானின் மணம் தண்ணீரிலும் தேங்காய்ப்பாலிலும் நிதானமாக இறங்கும். பாசுமதி அரிசியிலும் தாய்லாந்து மல்லிகை அரிசியிலும் வரும் அதே வாசனைப் பொருள்தான் பாண்டான் இலையிலும் இருக்கிறது. அதனால்தான் சாதாரண அரிசியில் ஓர் இலையை முடிச்சுப் போட்டு வேகவைத்தால் விலை உயர்ந்த அரிசி போல மணக்கிறது. பலகாரத்துக்குப் பச்சை நிறம் வேண்டுமென்றால் முற்றிய இலைகளை நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். அடியில் கரும்பச்சைச் சாறு தங்கிவிடும். மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட்டு அடிச்சாற்றை மட்டும் பயன்படுத்துவார் எங்கள் மக்சிக்.

நம் நாட்டில் இரண்டுமே வீடு மாறிய இலைகள். நாசி லெமாக்குக்கும் கயாவுக்கும் உரிய பாண்டான் நம் வீட்டுப் பச்சைப்பயறுக் கஞ்சியிலும் நெய்ச்சோற்றிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. ரசத்துக்கும் மீன் குழம்புக்கும் உரிய கறிவேப்பிலையோ சீனர் கடைகளின் பட்டர் இறாலுக்கும் உப்பு முட்டைக் கணவாய்க்கும் உயிராகிவிட்டது.

இரண்டையும் ஒரே சட்டியில் போடுபவர்களும் இருக்கிறார்கள். என்னுடன் பணியாற்றும் தோழியின் குடும்பம் யாழ்ப்பாண வம்சாவளி. அவர்கள் வீட்டில் பாண்டானுக்கு 'ரம்பை' என்று பெயர். பருப்புக் கறிக்குத் தாளிக்கும்போது வெங்காயத்தோடு ஒரு துண்டு ரம்பையும் ஓர் இணுக்குக் கறிவேப்பிலையும் சேர்ந்தே எண்ணெயில் விழும். இதைக் கேட்ட அம்மா முதலில் முகம் சுளித்தார். ஒரு நாள் செய்து பார்த்தார். இப்போது எங்கள் வீட்டுப் பருப்பு அப்படித்தான்.

பறிப்பதும் ஒரு வளர்ப்பு

கறிவேப்பிலையை ஒவ்வோர் இலையாக உருவாதீர்கள். கொத்தாக, கிளை நுனியோடு சேர்த்து வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று புதுத் தளிர்கள் கிளைக்கும். இலைதான் வேண்டுமென்றால் பூங்கொத்து வந்ததும் கிள்ளிவிடுங்கள். காயவிட்டால், கறுத்த பழத்தின் சதை இனிக்கும். ஆனால், அதன் விதை உண்ணத்தக்கதல்ல. குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம். பழுத்த பழத்தின் சதையை நீக்கி விதையை உடனே நட்டால் முளைக்கும், காயவைத்தால் முளைப்புத் திறன் போய்விடும்.

பாண்டானை வெளிப்பக்கத்து அடி இலையிலிருந்து பறியுங்கள். நடுக்குருத்தை விட்டுவிட வேண்டும். தண்டிலிருந்து காற்றில் தொங்கும் வேர்கள் வந்தால் பயப்படாதீர்கள், அது அதன் இயல்பு. அடியில் கன்றுகள் நெருங்கினால் பிரித்து அக்கம்பக்கம் கொடுங்கள்.

பூச்சித் தொல்லை பாண்டானுக்குக் குறைவு. கறிவேப்பிலைக்கோ விருந்தாளிகள் அதிகம். தண்டில் செதில் செதிலாக ஒட்டும் பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். தளிரில் உட்காரும் ஒரு சிறு தத்துப்பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு செடிகளுக்கு நோயைக் கடத்தக்கூடியது. ஆகவே, பக்கத்தில் எலுமிச்சைத் தொட்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி தளிரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பறவை எச்சம் போல ஒன்று இலைமேல் நகர்ந்தால், அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாகி, ஓர் இரவில் ஒரு கிளையை மொட்டையடிக்கும். என் மகன் அழுததால் அம்மா ஒரு கிளையைப் புழுக்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். ஒன்பதாவது மாடியிலிருந்து இதுவரை நான்கு வண்ணத்துப்பூச்சிகள் பறந்துபோயிருக்கின்றன.

உங்கள் வீட்டுக்கு எது?

பால்கனியில் ஆறு மணி நேர வெயில் இருக்கிறது, தினமும் தண்ணீர் ஊற்ற நேரமில்லை என்றால் கறிவேப்பிலை வையுங்கள். முதல் ஆண்டு மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். வெளிச்சம் மட்டும் வரும், வெயில் வராது, தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது என்றால் பாண்டான். சில மாதங்களிலேயே இலை பறிக்கலாம். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு இடம் வேண்டும். ஒரே இடத்தில், ஒரே அளவு தண்ணீரில் இரண்டையும் வளர்க்க நினைத்தால் ஒன்று வாடும்.

செடி வாங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து, வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று குறித்து வையுங்கள். சிரம்பான் ஐயா சொல்லிக் கொடுத்த பாடம் இது.

இடம் மாற்றி நான்காவது வாரம், வெட்டிய தண்டில் செம்பச்சையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அம்மாதான் முதலில் பார்த்தார். விடியற்காலை நாலரை மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போது கைப்பேசி வெளிச்சத்தில் கூட்டிப்போய்க் காட்டினார். இந்தப் பொங்கலுக்குச் செடி என் இடுப்பு உயரம். அதன் அடியில் போன மாதம் ஒரு பக்கக் கன்று முளைத்தது. அதைப் பிரித்து, பழைய மைலோ டின்னிலேயே வைத்து, எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனார் அம்மா.

அம்மாவுக்கு மலாய் அரைகுறை, மக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. கதவருகே நின்று நான் கேட்டேன். டின்னைக் கையில் கொடுத்துவிட்டு, வானத்தைக் காட்டி, "பானாஸ், பானாஸ்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார் அம்மா.

வெயில்ல வைங்க, வெயில்ல.